புகை தங்கும் காலம்

பூமியைச் சூடேற்றும் மனிதச் செயல்கள் எவை, அந்தச் சூட்டைத் தடுக்கும் வழிகள் எவை என்பது இச்சொற்பொழிவின் பொருள்.

1856ஆம் ஆண்டில் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி ஓர் எளிய சோதனை செய்தார். கண்ணாடி உருளைகள் இரண்டு, உள்ளே வெப்பமானிகள். ஓர் உருளையில் சாதாரணக் காற்று, மற்றதில் கரியமில வாயு. இரண்டையும் வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த உருளை மற்றதைவிட அதிகமாகச் சூடேறியது. பிறகு இரண்டையும் வெயிலிலிருந்து எடுத்துவிட்டார். சாதாரணக் காற்று விரைவில் ஆறியது. கரியமில வாயு ஆறுவதற்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் பிடித்தது. இந்த வாயு காற்றில் மிகுந்திருந்த காலம் ஒன்று இருந்திருந்தால், அப்போது பூமியும் மிகுந்த வெப்பத்தோடு இருந்திருக்கும் என்று அவர் எழுதினார்.

அந்தக் கட்டுரை அவ்வாண்டே ஆல்பனி நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் ஃபூட் அல்லர். அவருக்காக ஜோசஃப் ஹென்றி என்ற பேராசிரியர் வாசித்தார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அறிவுலகம் அந்தப் பெண்மணியின் பெயரை மறந்தே போனது. அவர் கண்டவை இரண்டு செய்திகள். அந்த வாயு சூடேறுகிறது என்பது ஒன்று. அது ஆறாமல் இருக்கிறது என்பது மற்றொன்று. இன்றும் எந்த வாயு எவ்வளவு சூடாக்குகிறது என்று கேட்பவர் பலர். எந்த வாயு எத்தனை காலம் காற்றில் தங்குகிறது என்று கேட்பவர் சிலர். எதை முதலில் தடுப்பது, எதை முழுவதும் நிறுத்துவது என்ற விடை அந்த இரண்டாவது கேள்விக்குள்தான் இருக்கிறது.

1859இல் லண்டனில் ஜான் டிண்டால் என்ற அறிவியலர், ஃபூட் கண்ட சூட்டுக்கான காரணத்தைக் கருவி கொண்டு அளந்தார். காற்றில் பெரும்பங்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும். இவை வெயிலையும் விடும். சூடான தரையிலிருந்து எழும் வெப்பத்தையும் விடும். நீராவியும் கரியமில வாயுவும் மீத்தேனும் அப்படியில்லை. வெயிலை உள்ளே விடும். தரை திருப்பி அனுப்பும் வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததில் ஒரு பங்கைத் தரைக்கே திருப்பும். இந்த வாயுக்கள் இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸாக இருந்திருக்கும். இவை இருப்பதால்தான் அது 15 டிகிரியாக இருக்கிறது. கடல் நீராகக் கிடப்பதும் வயலில் நெல் விளைவதும் இந்த 33 டிகிரியின் தயவு. மார்கழிக் குளிருக்கு ஒரு கம்பளி நல்லது. அதையே சித்திரை மதியத்திலும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டே போனால் உடம்பு தாங்குமா?

அளவு எப்போது மீறத் தொடங்கியது? அண்டார்டிகாவின் பனிக்குள் பழங்காலத்துக் காற்று சிறு குமிழ்களாக அடைபட்டிருக்கிறது. துளையிட்டு எடுத்த பனித்தண்டுகள் 8 லட்சம் ஆண்டுக் கணக்கைச் சொல்கின்றன. அந்த நெடுங்காலம் முழுவதும் கரியமில வாயு, காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 180க்கும் 300க்கும் இடையே ஏறி இறங்கியிருக்கிறது. நீராவி எந்திரங்கள் பெருகுவதற்கு முன் அது 280. சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க அறிவியலர் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், 3,400 மீட்டர் உயரத்தில் அளக்கத் தொடங்கியபோது அது 315. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. 8 லட்சம் ஆண்டில் காணாத அளவு, ஒரு மனிதனின் ஆயுளுக்குள் வந்து நிற்கிறது.

கீலிங் வரைந்த கோடு நேர்கோடு அன்று. ரம்பத்தின் பற்களைப் போல ஏறி இறங்கும். வடபாதி உலகத்துக் காடுகள் துளிர்த்துத் தழைக்கும் மாதங்களில் அளவு இறங்கும். இலை உதிர்ந்து மட்கும் மாதங்களில் ஏறும். பூமி மூச்சு வாங்கி விடுவது போன்ற கோடு அது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் இறங்கியதைவிட ஏறியது கூடுதல். 2022 நவம்பரில் மௌனா லோவா வெடித்தது. நிலையத்துக்குப் போகும் சாலையும் மின்கம்பியும் எரிமலைக் குழம்பில் அழிந்தன. அளப்பவர்கள் சோர்ந்துவிடவில்லை, அருகிலிருந்த மௌனா கேயா மலையில் கருவியை வைத்துத் தொடர்ந்தார்கள். இவ்வளவு அக்கறையோடு காக்கப்படும் கணக்கேடுகள் உலகில் மிகக் குறைவு.

இனி, தங்கும் காலம். மீத்தேன் காற்றில் 12 ஆண்டு போலத் தங்கும். ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் வாயு 14 ஆண்டு. வயலில் இடும் தழைச்சத்து உரத்திலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக்கு மேல். கரியமில வாயு? அதற்கு ஒரே எண் சொல்ல இயலாது. இன்று வெளிவிட்டதில் பாதி அளவைக் கடலும் காடும் சில பத்தாண்டுகளில் வாங்கிக்கொள்ளும். மீதி மெல்ல மெல்லக் குறையும். ஆயிரம் ஆண்டு கழிந்த பின்னும் ஐந்தில் ஒரு பங்கு போலக் காற்றிலேயே இருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் எழுந்தது. அன்று எவரேனும் ஒரு நிலக்கரிக் குவியலை எரித்திருந்தால், அதிலிருந்து வந்த வாயுவில் ஒரு பங்கு இன்றும் அந்த விமானத்தின்மேல் காற்றாகத் தவழ்ந்துகொண்டிருக்கும்.

ஏரி பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஏரிக்கு வரத்துக் கால் உண்டு, மதகு உண்டு. மீத்தேன் ஏரியின் மதகு அகலமானது. வரத்தைக் குறைத்தால் சில ஆண்டுகளில் நீர்மட்டம் தானே இறங்கிவிடும். கரியமில வாயு ஏரியின் மதகோ ஊசித்துளை. வரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் மட்டம் இறங்காது. ஏறும் வேகம்தான் குறையும். வரத்து ஏறக்குறைய நின்றால்தான் ஏற்றமும் நிற்கும். ஆகவே முதல் ஏரிக்குக் குறைப்பு போதும். இரண்டாவது ஏரிக்கு நிறுத்தமே வேண்டும்.

வரத்துக் கால்கள் எவை? முதலாவது, எரிப்பு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. அதை எரித்தால் வெளிவரும் கரியமில வாயு 2.3 கிலோ. முக்கால் கிலோவிலிருந்து 2.3 கிலோ எப்படி வந்தது? பெட்ரோலில் உள்ள ஒவ்வொரு கரி அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. 12 எடை 44 ஆகிறது. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சமையல் எரிவாயு தீரும்போது 42 கிலோ கரியமில வாயு காற்றில் சேர்ந்திருக்கும். ஆனால் அடுப்பங்கரையைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது அநியாயம். விறகுப் புகையில் இருமிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான பெண்களின் நுரையீரலை அந்த சிலிண்டர் காத்தது. பெரிய எரிப்பு வேறிடத்தில் நடக்கிறது.

அது மின்நிலையத்தில் நடக்கிறது. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளிவரும். உலகம் வெளிவிடும் வெப்ப வாயுக்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், 2019இல் நூற்றுக்கு 34 பங்கு மின்சாரம் உள்ளிட்ட ஆற்றல் உற்பத்தியிலிருந்தே வந்தது. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கருப்பாக ஏதோ வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் அங்கே அதை வெட்டியெடுக்க அரசு நிறுவனம் எழுந்தது. தமிழகத்தின் வீடுகளும் வயல் பம்புசெட்டுகளும் அந்த வெளிச்சத்தில் வளர்ந்தன. அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுவது நன்றி கொன்ற செயல். ஆயினும் பழுப்பு நிலக்கரி ஈரம் மிகுந்தது. ஒரு யூனிட்டுக்கு அது வெளிவிடும் கரியமில வாயு, நல்ல நிலக்கரியைவிடக் கூடுதல். இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது வரத்துக் கால், சுண்ணாம்புக் காளவாய். இங்கே எரிபொருள் மட்டும் புகைவதில்லை. கல்லே வாயுவை விடுகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். ஊர்க் காளவாயிலும் இதுதான் நடந்தது. அரியலூர் சிமென்ட் ஆலையின் சூளையிலும் இதுதான் நடக்கிறது. அரியலூர்ப் பகுதி டைனோசர் காலத்தில் கடலாக இருந்தது. அந்தக் கடலுயிர்கள் ஓடுகளாகவும் கூடுகளாகவும் பூட்டிவைத்த கரி, இன்று சூளையில் திறந்துவிடப்படுகிறது. உலகத்துக் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7, 8 பங்கு சிமென்ட் தொழிலுடையது.

மூன்றாவது, நிலமும் காடும். அமேசான் காட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அழிந்துவிட்டது. மேய்ச்சல் நிலமும் சோயா வயலுமே பெருங்காரணம். 1997இலும் 2015இலும் இந்தோனேசியாவின் கரிச்சேற்று நிலங்கள் மாதக்கணக்கில் எரிந்தன. வெட்டும் காடு இரண்டு விதத்தில் இழப்பு: சேர்த்துவைத்த கரி வெளியேறுகிறது, இனிச் சேர்ப்பதற்கு ஆளும் இல்லாமல் போகிறது.

நான்காவது, மீத்தேன் வரும் வழிகள். நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில் ஆக்சிஜன் எட்டாது; அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் பொருளைத் தின்று மீத்தேனை விடுகின்றன. அசை போடும் மாட்டின் வயிற்றிலும் இதே வேலை. அந்த வாயு பெரும்பாலும் ஏப்பமாக வெளிவருகிறது. நகரத்துக் குப்பைக் கிடங்கில் சோறும் காய்கறிக் கழிவும் அடியில் அழுந்திப் புழுங்கும்போது எழுவதும் இதுவே. எண்ணெய்க் கிணறுகளிலும் எரிவாயுக் குழாய்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கசிவதும் இதுவே. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட மீத்தேன் 80 மடங்கு சூடேற்றும். இதுவரை ஏறிய வெப்பத்தில் ஏறக்குறைய அரை டிகிரி மீத்தேனின் பங்கு.

ஐந்தாவது, குளிரூட்டும் வாயுக்கள். இவற்றின் கதை தடுப்பு முறைகளோடு பின்னியிருப்பதால் அங்கே வரும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஆலைப் புகையும் வண்டிப் புகையும் கண்ணுக்குத் தெரிகின்றனவே, அவைதாமே சூடேற்றுகின்றன? கண்ணுக்குத் தெரியும் புகையில் பெரும்பகுதி நுண்துகள். கந்தகத் துகள்கள் வெயிலை மறைத்துப் பூமியைச் சற்றே குளிர்விக்கவும் செய்கின்றன. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினட்டூபோ எரிமலை வெடித்து, கந்தகப் படலம் மேல்வளியில் பரவியபோது, உலகச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி இறங்கியது. ஓரிரு ஆண்டில் படலம் விலகியது, வெப்பம் மீண்டது. தாழ்வளியில் மிதக்கும் ஆலைப் புகையோ ஒரு மழைக்குத் தரையிறங்கிவிடும். தெரிகிற புகைக்கு ஆயுள் நாள்கணக்கு. தெரியாத வாயுவுக்கு ஆயுள் நூற்றாண்டுக் கணக்கு. அந்தத் துகள்கள் மனித நுரையீரலைக் கொல்வதால் அவற்றையும் நீக்கியே ஆக வேண்டும். நீக்கும்போது, அதுவரை மறைந்திருந்த வெப்பத்தின் ஒரு பகுதி வெளிப்படும் என்பதையும் அறிந்தே நீக்க வேண்டும்.

இத்தனைக்கும் மனிதனே காரணம் என்பதற்குச் சான்று என்ன? சூரியன் காரணமாகாதா, எரிமலை காரணமாகாதா? சூரியனின் ஒளியை 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்து வருகின்றன. ஏறும் வெப்பத்துக்கு ஈடாக அது ஏறவில்லை. சூரியன் காரணமானால் மேல்வளியும் சேர்ந்து சூடாக வேண்டும், அதுவோ குளிர்கிறது. கீழே கம்பளி தடித்தால் மேலே போகும் வெப்பம் குறையும் என்பதற்கு இது நேர்ச்சான்று. எரிமலைகள் ஆண்டுதோறும் விடும் கரியமில வாயு, மனிதர் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எல்லாவற்றினும் உறுதியான சான்று கரியிடமே இருக்கிறது. உயிருள்ள மரத்தில் கதிரியக்கக் கரி சிறிது உண்டு. 5,730 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகும். கோடிக்கணக்கான ஆண்டு புதைந்துகிடந்த நிலக்கரியில் அது அறவே இல்லை. காற்றில் உள்ள கதிரியக்கக் கரி தொழிற்புரட்சிக்குப் பின் நீர்த்துப்போனதை 1950களில் ஹான்ஸ் சூஸ் என்ற அறிவியலர் மரவளையங்களில் கண்டார். பாலில் நீர் கலந்தால் பால்மானி காட்டிக்கொடுப்பது போல, புதைபடிவ எரிபொருளைக் காற்றே காட்டிக்கொடுத்துவிட்டது.

விளைவு எங்கே தெரிகிறது? ஏறிய வெப்பத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் கடலுக்குள் போயிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் வெளுத்தன. பவள உயிரின் திசுவுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. உணவும் நிறமும் தருவது அதுவே. கடல் வழக்கத்தைவிடச் சில வாரம் சூடாக இருந்தால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். பிறகு வெள்ளை எலும்பாகப் பட்டினி கிடக்கும். இந்த வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலுக்கடியில் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததே அதற்கு முக்கியக் காரணம். காளவாய்க்கு வெட்டியதும் மனிதக் கை. கடலைச் சூடாக்குவதும் மனிதக் கை. வெப்ப உயர்வு 2 டிகிரியைத் தொட்டால் உலகத்துப் பவளப்பாறைகளில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் அழியும் என்று 2018இல் பன்னாட்டு அறிவியலர் குழு எச்சரித்தது. 2024ஆம் ஆண்டின் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறக்குறைய 1.55 டிகிரி கூடுதல். அளவீட்டு வரலாற்றில் அதுவே மிக வெப்பமான ஆண்டு.

பொறுப்பு யாருக்கு எவ்வளவு? தங்கும் காலத்தை மறந்தவர்கள் இந்த ஆண்டுக் கணக்கை மட்டும் காட்டுவார்கள்; அதில் சீனா முதலிடம், அமெரிக்கா இரண்டாமிடம், இந்தியா மூன்றாமிடம். தங்கும் காலத்தைக் கணக்கிட்டால், காற்றில் இன்று நிற்பதில் அமெரிக்காவின் பங்கு மட்டும் கால்பங்கு போல. இந்தியாவினுடையது நூற்றுக்கு மூன்று, நான்கு. தலைக்கு ஆண்டுக்கு அமெரிக்கர் 14 டன், இந்தியர் 2 டன். பழைய கடனைப் பழைய கடனாளிகள் தீர்க்க வேண்டும் என்ற வாதம் நியாயமானது. அதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது மட்டும் நியாயமாகாது. ஏனெனில் கடல் ஏறும்போது கணக்கேட்டைப் பார்த்து ஏறுவதில்லை.

தடுப்பு முறைகளில் விரைவில் பலன் தருவது மீத்தேன் குறைப்பு. குழாய்க் கசிவை அடைப்பது எல்லாவற்றிலும் எளிது. அடைத்த வாயுவை விற்கலாம். கசியும் இடத்தைச் செயற்கைக்கோளே காட்டிவிடுகிறது. 2030க்குள் மீத்தேனை நூற்றுக்கு 30 பங்கு குறைப்பதாக 2021இல் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் உறுதியேற்றன. இந்தியா அதில் சேரவில்லை; இங்கே மீத்தேன் பெரும்பாலும் சிறு விவசாயியின் மாட்டிலிருந்தும் வயலிலிருந்தும் வருவது. வயலில் அவருக்கும் இழப்பில்லாத வழி ஒன்று உண்டு. அதன் பெயர் தமிழ் உழவர்க்குப் பழகியது: காய்ச்சலும் பாய்ச்சலும்.

துளையிட்ட ஒரு குழாயை வயலில் ஊன்றிவைத்தால் மண்ணுக்குள் நீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் நீர் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் குறையாமல் நிற்க வேண்டும். இடையிடையே சேற்றுக்குள் காற்று புகுவதால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும், நீரும் கணிசமாக மிஞ்சும், விளைச்சல் குறையாது. அப்படியானால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? கடைமடை விவசாயியைக் கேட்டால் தெரியும். முறை வைத்து நீர் விடும் வாய்க்காலில், அடுத்த முறை நீர் வந்துசேருமா என்ற உறுதி இல்லாதவர் வயலில் நிற்கும் நீரை வற்றவிடத் துணிவதில்லை. சொன்ன நாளில் கடைமடைக்கு நீர் சேர்ப்பதும் புவி வெப்பத்தைத் தடுக்கும் வேலைதான் என்பதை நீர்வளத் துறைகள் உணர வேண்டும். யூரியாவை அளவோடு இடுவதும் கூடவே வேண்டும். இல்லாவிட்டால் காயும் வயலில் நைட்ரஸ் ஆக்சைடு கூடிவிடும். நகரத்தில் இதற்கு இணையான வேலை, ஈரக் கழிவைத் தனியே பிரித்து எரிவாயுவாகவும் உரமாகவும் மாற்றுவது.

அடுத்தது குளிரூட்டும் வாயு. 1928இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் உருவாக்கிய குளோரோ ஃபுளூரோ கார்பன் நச்சில்லாதது, தீப்பிடிக்காதது என்று உலகம் மகிழ்ந்தது. 1974இல் மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற வேதியியலர்கள் அது ஓசோனைத் தின்னும் என்று காட்டினார்கள். 1985இல் அண்டார்டிகாவின்மேல் ஓசோன் படலம் மெலிந்துபோன செய்தி வந்தது. இரண்டே ஆண்டில், 1987 செப்டம்பர் 16 அன்று, மாண்ட்ரியலில் உடன்படிக்கை பிறந்தது. பிறகு உலகத்து நாடுகள் அனைத்தும் அதில் சேர்ந்தன, உற்பத்தி நின்றது, ஓசோன் மெல்லத் தேறி வருகிறது. உலகம் ஒன்றுகூடி ஒரு வாயுவை நிறுத்த முடியாது என்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேறில்லை. அந்த வாயு கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு சூடேற்றக்கூடியது. ஓசோனைக் காக்கப் போட்ட ஒப்பந்தம் புவி வெப்பத்தையும் பெருமளவு தடுத்துவிட்டது.

குளோரோ ஃபுளூரோ கார்பனின் இடத்துக்கு வந்த ஹைட்ரோ ஃபுளூரோ கார்பன்கள் ஓசோனைத் தொடாதவை. ஆனால் சூடேற்றுவதில் இவையும் ஆயிரம், இரண்டாயிரம் மடங்கு. 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் இவற்றையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் உடன்பட்டன; முழுவதும் நிறைவேறினால் இந்நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறக்குறைய அரை டிகிரி தவிர்க்கப்படும். மாற்று வாயுக்கள் கடைகளிலேயே இருக்கின்றன. புதிய குளிர்சாதனப் பெட்டிகளின் ஒட்டுச்சீட்டில் ஆர்-600ஏ என்றும், சில ஏ.சி.களில் ஆர்-290 என்றும் காணலாம்; இவற்றின் சூடேற்றும் திறன் மிகமிகக் குறைவு. பழைய ஏ.சி.க்கு ‘கேஸ்’ நிரப்ப வருபவர், உள்ளே மிஞ்சியிருப்பதை ஜன்னல் வழியே திறந்துவிடுவது இன்னும் வழக்கம். கசிவை அடைக்காமல் நிரப்ப வேண்டாம், பழையதை சிலிண்டரில் பிடியுங்கள் என்று கேட்கும் உரிமை பணம் கொடுப்பவருக்கு உண்டு. இந்த அவையில் உள்ளவர்கள் அதைக் கேட்க வேண்டும்.

காடு வளர்ப்பைப் பற்றி உற்சாகம் மிகுதி. அதில் சிறிது எச்சரிக்கையும் வேண்டும். பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு சிதைந்த இடங்களில், மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டார்கள்; காடு மீண்டது. அலையாத்திச் சேறு, தரைக்காட்டைவிடப் பல மடங்கு கரியை அடியில் சேர்த்துவைக்கும். அது போற்றத்தக்க பணி. ஆனால் மரம் நட்டுவிட்டு நிலக்கரியைத் தொடர்ந்து எரிப்பது கணக்குக்கு ஒவ்வாது. மரம் பிடிக்கும் கரி மரம் இருக்கும் வரை. ஒரு புயலிலோ தீயிலோ அது திரும்பிவிடும். நிலக்கரி விட்ட வாயுவோ நூற்றாண்டுகளைக் கடக்கும்.

பிற வரத்துக் கால்களுக்கும் மாற்று உண்டு. சிமென்ட்டில் சுட்ட களிமண்ணையும் அரைத்த சுண்ணாம்புக்கல்லையும் கலந்து, சூளைப் பொருளைப் பாதியாகக் குறைக்கும் எல்சி3 என்ற முறையை ஸ்விட்சர்லாந்து, கியூபா, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கினார்கள், சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கேற்றது. பயணத்தில் பேருந்தும் ரயிலும் முதல் விடை. இந்திய ரயில்வேயின் அகலப்பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. வீட்டில் 60 வாட் குண்டு பல்பின் வேலையை 9 வாட் எல்இடி செய்கிறது. 75 வாட் மின்விசிறியின் வேலையை 30 வாட் விசிறி செய்கிறது.

இவை எல்லாம் பெரிதும் பயன் தர வேண்டுமானால், கம்பியில் வரும் மின்சாரம் நிலக்கரியை விட்டு விலக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. நாடு முழுவதும் சூரிய மின்திறன் 2025 ஜனவரியில் ஒரு லட்சம் மெகாவாட்டை எட்டியது. ஆனால் வெயில் சாய்ந்த பிறகுதான் வீடுகளில் விளக்கும் விசிறியும் ஏ.சி.யும் சேர்ந்து ஓடுகின்றன. அந்த நேரத்துக்கு என்ன வழி? மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழணை நீரை மேலணைக்கு ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் திறந்து விசையாழியைச் சுழற்றும் முறையை, ஆனைமலைப் பகுதியின் காடம்பாறை நிலையம் 1980களிலேயே 400 மெகாவாட் அளவில் செய்துகாட்டிவிட்டது. இப்படிப்பட்ட சேமிப்பு நிலையங்களும் பெரிய மின்கலங்களும் போதிய அளவில் வரும்வரை, பகலில் எத்தனை சூரியத் தகடு இருந்தாலும் இரவில் நிலக்கரி உலை எரியும். பணம் முதலில் போக வேண்டிய இடம் சேமிப்பே.

நிலக்கரியை விட்டு ஒரு தொழில்நாடு விலக முடியுமா? உலகின் முதல் நிலக்கரிப் பொது மின்நிலையம் 1882 ஜனவரியில் லண்டனின் ஹோல்பர்ன் வயடக்ட்டில் தொடங்கியது. 2012இல்கூட பிரிட்டனின் மின்சாரத்தில் நூற்றுக்கு 40 பங்கு போல நிலக்கரியுடையது. கரிக்கு விலை வைத்தார்கள். கடலில் காற்றாலை நட்டார்கள். பழைய நிலையங்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். இடையில் எரிவாயுவும் கைகொடுத்தது. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலையமான ராட்கிளிஃப்-ஆன்-சோரில் உலைகள் அணைந்தன. தொடங்கியதிலிருந்து 142 ஆண்டு. நூற்றுக்கு நாற்பதிலிருந்து சுழியத்துக்கு வர எடுத்தது 12 ஆண்டு. ஹோல்பர்னில் முதல் நாள் எரிந்த நிலக்கரியின் வாயுவில் ஒரு பங்கு இன்னும் காற்றில் இருக்கிறது.